பிரித்துப் படிக்கிறவருக்கும் வணக்கம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு முழங்கால் வலி வழக்கம்போல. மாத்திரையை நீட்டினால் "நேத்துதானே சாப்பிட்டேன்" என்கிறார், ஆயுசுக்கும் சேர்த்து நேற்றே விழுங்கிவிட்டதுபோல. உன் வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை பட்டினிதான் வீரம் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாயா?

செய்தித்தாளில் உன் படத்தைப் பார்த்தேன். ராணுவப் புலனாய்வுத் துறைக்குப் புதிய தலைவர். வார்டில் எல்லோரும் "சிஸ்டர், உங்க தம்பியா? சொல்லவே இல்லையே" என்று சூழ்ந்துகொண்டார்கள். எனக்கே இப்போதுதான் தெரியும் என்று எப்படிச் சொல்வேன்? "அவன் ரகசியம் காப்பான்" என்று சொல்லி நாசூக்காக நழுவிவிட்டேன். மலையிலும் சேற்றிலும் பாதி வாழ்க்கையைக் கழித்த காலாட்படைக்காரனை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஆனால் பொருத்தமான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள். உன் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்குவதைவிடக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவது சுலபம். கல்லுளிமங்கனுக்குக் கடைசியில் ஏற்ற உத்தியோகம் கிடைத்தது.

இனி நம் வீட்டுச் செய்தி. உன் மருமகள், வாயாடி, தனக்குத் தானே மாப்பிள்ளை பார்த்துவிட்டாள். பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள் இல்லையா? சுவரில் மாட்டும் வரைபடத்தில் ஓர் ஆறு தப்பாக ஓடுகிறது என்று நில அளவை அலுவலகத்துக்குச் சண்டைக்குப் போயிருக்கிறாள். அதை வரைந்தவன் எழுந்து நின்று, "ஆமாங்க, தப்புதான்" என்று சொன்னானாம். தப்பு என்று ஒப்புக்கொள்ளும் ஆண்பிள்ளையை இவள் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. அன்றே விழுந்துவிட்டாள்.

பையன் வீட்டுக்கு வந்தான். அமைதியானவன், மரியாதையானவன். விரலில் எப்போதும் மை. தாய் தகப்பன் இல்லை. சித்தப்பா ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார், மாதம் தவறாமல் கடிதம் போடுகிறாராம். அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம் என்றால் அவனோ தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். நீதான் ஊர் உலகத்தையே விசாரிக்கிறவன் ஆயிற்றே. இவனையும் கொஞ்சம் விசாரித்துச் சொல்லேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் வாயாடியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வயிறு பரவாயில்லை. அத்தானிடம் மாத்திரையைக் கேட்காதே, எடுத்து வாயில் போட்டுவிடு.

புது வேலை பழகிக்கொண்டிருக்கிறது. மேஜையில் மூன்று தொலைபேசிகள் இருக்கின்றன. எது அடிக்கிறது என்று கண்டுபிடிப்பதே இப்போதைக்குப் புலனாய்வு. எல்லையில் நான் கத்தினால்தான் வேலை நடக்கும். இங்கே கத்த வேண்டாம். மின்விசிறி சத்தம் போடுகிறதே என்று ஒருமுறை மேலே பார்த்தேன். மறுநாள் புது விசிறி. டீ கொஞ்சம் ஆறியிருக்கிறது என்று யாரிடமோ சொல்லிவிட்டேன். டீ கொண்டுவருகிறவரை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நானே போய் அவரைத் திரும்ப அழைத்துவர வேண்டியதாயிற்று. இந்த நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு யோசிக்கக்கூடாது என்று தெரிந்துகொண்டேன். உன் தம்பிக்கு அது கஷ்டமில்லை.

வாயாடியின் செய்தி சந்தோஷம். விசாரிக்கச் சொன்னாய். செய்ய மாட்டேன், அக்கா. அலுவலகம் வேறு, வீடு வேறு. அவள் பார்த்திருக்கிறாள், நீ பார்த்திருக்கிறாய், அது போதும்.

இன்னொன்று. எனக்கு வரும் கடிதங்களை இப்போது ஒரு கேப்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார். பாதுகாப்பு விதி, எல்லோருடைய கடிதத்துக்கும் உண்டு. நீ எழுதும்போது அதை நினைவில் வைத்துக்கொள். நல்ல பிள்ளை, சிரிக்கத்தான் தெரியாது.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சொன்னபடி மாத்திரையை வாயில் போட்டேன். அத்தான் என் விரலைக் கடித்துவிட்டார்.

என் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற பிள்ளைக்கும் என் வணக்கம். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அப்பா? உன் அதிகாரியிடம் ஒரு வேலை சொன்னேன். சட்டம் பேசுகிறார். கூடப் பிறந்தவளுக்கு உதவாத உத்தியோகம் என்ன உத்தியோகம்? அவர் கிடக்கிறார். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறானே, எங்கள் வருங்கால மாப்பிள்ளை, அவன் எப்படிப்பட்டவன் என்று நீயாவது விசாரித்து இந்த அக்காவுக்கு ஒரு வரி எழுதிப் போடு. உனக்குப் புண்ணியமாய்ப் போகும்.

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. கல்யாணத்தை ஜூன் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று அத்தான் சொல்கிறார். தாய்மாமன் நீ முன்னால் நிற்காமல் எதுவும் நடக்காது. கல்யாணம் என்ற சொல்லைக் கேட்டாலே நீ கண்ணிவெடியை மிதித்தவன்போல நின்றுவிடுவாய், தெரியும். இது உன் கல்யாணம் இல்லை. தைரியமாக வரலாம்.

வாயாடி உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். இந்த அறையில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஜூன் கடைசியில் பத்து நாள் விடுப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். வாயாடிக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது. எனக்கு வாங்கத் தெரியாது.

வேலை அதிகம். ராணுவத் தளபதி அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு என் பெயரையும் சொல்கிறார்களாம். இதையும் நீ செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டால் என்னைத் திட்டுவாய் என்பதால் எழுதுகிறேன்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

பையனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். முதலில் வரைபட அறையின் சாவியைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அடுத்த வாரம் அவனைத் தபால் பிரிக்கும் மேஜைக்கு மாற்றினார்கள். போன திங்கட்கிழமை வீட்டுக்கே போகச் சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டால் யாரும் சொல்லவில்லை. கூட வேலை செய்தவர்கள் இவனைக் கண்டதும் தாளைக் கவிழ்த்து வைக்கிறார்களாம். கடைசியில் அவனுடைய மேலதிகாரிதான் மனசு கேட்காமல், "தம்பி, நான் என்னப்பா பண்ணட்டும்? ராணுவப் புலனாய்விலேருந்து உன்னப் பத்திக் கேட்டு எழுதியிருக்காங்க. எல்லை வரைபடம் வரையுற ஆள வச்சிக்கிட்டு நான் சும்மா இருக்க முடியுமா?" என்று சொல்லியிருக்கிறார்.

ராணுவப் புலனாய்வு என்றால் நீதானே?

விசாரிக்கச் சொன்னேன். மாட்டேன் என்றாய். நல்லது, நேர்மையானவன் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது பார்த்தால் என்னிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டு முதுகுக்குப் பின்னால் செய்திருக்கிறாய். அதுவும் ஒரு பிள்ளையின் சோற்றில் மண் விழும்படி. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாமே? வாயாடி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே கேப்டனைக் கூப்பிட்டுக் கேட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பிப்ரவரியில் நீ அவருக்கு வணக்கம் சொல்லி எழுதினாயே, அந்தக் கடிதத்தை அவர்தான் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். அவர் எதிரில் அந்த வரியைப் படித்து நான் சிரித்தேன். பிறகு அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நீ கேட்டுவிட்டாய், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் சிரிப்பை அவர் அனுமதி என்று எடுத்துக்கொண்டார். மறுநாளே நில அளவை அலுவலகத்துக்கு, "இவரைப் பற்றிய விவரம் தேவை" என்று ஒற்றை வரி எழுதிவிட்டார். எதற்கு என்று எழுதவில்லை. எங்கள் துறையில் எதற்கு என்று எழுதுவதில்லை.

"உங்க அக்காவுக்கு நல்ல செய்தியா அனுப்பலாம்னு இருந்தேன் சார்" என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கும் கல்யாண வயதில் தங்கை இருக்கிறாள்.

நான் விசாரிக்கச் சொல்லவில்லை. ஆனால் என் அலுவலகம்தான் செய்தது, அதனால் நான் செய்ததுதான். உன்மேல் பழியைப் போடுவதற்காக இதை எழுதவில்லை. நீ கேட்டாய், நடந்தது இதுதான்.

பார்க்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வார்டில் மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை, என் வாயால் அந்தப் பிள்ளை அல்லவா கெட்டுவிட்டான்! அவனிடமும் வாயாடியிடமும் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "விளையாட்டா எழுதினதுதானே அத்தை. தெரிஞ்சா சரியாயிடும்" என்றான். வாயாடி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் என் வார்டில் ஒன்று நடந்தது. புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி பக்கத்துக் கட்டிலின் காய்ச்சலை, காய்ச்சலே இல்லாத ஒரு கிழவரின் அட்டையில் எழுதிவிட்டாள். அடுத்து வந்தவள் அதைப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தாள். அதற்கு அடுத்தவள் மாத்திரையைப் பார்த்துவிட்டு இரத்தம் எடுத்தாள். டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஊசி போடச் சொன்னார். நான் போய்க் கிழவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. அட்டையை அடித்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காரியம் முடிந்தது.

நீயும் அதைச் செய்துவிடு. "இது என் அக்கா விளையாட்டாக எழுதியது, பையன்மேல் ஒன்றுமில்லை" என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. அக்கா ஒரு முட்டாள் என்று சேர்த்து எழுதினாலும் சரி, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது.

உன் வயிற்றைக் கவனித்துக்கொள். இந்தக் கவலையில் சாப்பிடாமல் இருந்துவிடாதே.

அன்புடன்,
அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

விசாரணை என்று ஒன்று தொடங்கிவிட்டால் அதற்கென்று ஒரு வழி உண்டு. நில அளவை அலுவலகம் காவல்துறைக்கும் தெரிவித்துவிட்டது. அவர்களும் சில கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். அது முடியும்வரை நான் நடுவில் எதையும் எழுதுவது முறையாக இருக்காது. பையன் வெளியூர் எங்கும் போகாமல் இருப்பது நல்லது.

அவருடைய சித்தப்பா வெளிநாட்டில் என்ன வேலை பார்க்கிறார் என்று உனக்குத் தெரியுமா? சும்மா கேட்கிறேன்.

ஜூன் விடுப்பை ரத்து செய்ய வேண்டியதாகிவிட்டது. அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


ஜூலை 8

தம்பிக்கு,

சுகம்.

மண்டபத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அழைத்தவர்களுக்கெல்லாம் அத்தான் வீடு வீடாகப் போய், தன் முழங்கால் வலியைக் காரணம் சொல்லிவிட்டு வந்தார். முழங்கால் வலிக்காக யாராவது கல்யாணத்தைத் தள்ளிவைப்பார்களா? கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, அவர் தெருவைத் தாண்டும்வரை வாசலில் நின்று பார்த்தார்களாம்.

பையன் அறையைக் காலி செய்துவிட்டான். வீட்டுக்காரர் போகச் சொல்லிவிட்டார். இப்போது ஒரு பலகைக் கடையில் பெயர்ப்பலகை எழுதுகிறான். நம் வீட்டுக்கு வருவதையும் குறைத்துக்கொண்டான். போனமுறை வந்தபோது வாயாடியிடம் "என்னை மறந்துடு" என்று சொல்லியிருக்கிறான். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது. ஆனால் சமையலறையில் ஒரு தட்டு உடைந்தது.

நீ கேட்டதற்குப் பதில். சித்தப்பா ஒரு தையல் மெஷின் கடையில் கணக்கு எழுதுகிறார். இதைத் தெரிந்துகொண்டு நீ என்ன செய்யப்போகிறாய்?

இரண்டே வரிதான் கேட்டேன்.

அக்கா


அக்டோபர் 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இந்த முறை உண்மையாகவே சுகம். நீ எப்படி இருக்கிறாய்? எங்கே இருக்கிறாய்? பழைய முகவரிக்கு எழுதினால் கிடைக்குமா என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். மே மாதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. ஜூலைக்குப் பிறகு நானும் எழுதவில்லை. வீம்புதான், வேறென்ன?

பையனைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவனுடைய மேலதிகாரி எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, நீ எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினாராம். ராணுவத் தலைமைக்கு எழுதி, நகலை அவர்களுக்கும் அனுப்பியிருக்கிறாய். இவர்மேல் எந்தக் காலத்திலும் எந்தச் சந்தேகத்துக்கும் ஆதாரம் இருந்ததில்லை, என் குடும்ப விஷயத்துக்காக என் அலுவலகம் பயன்படுத்தப்பட்டது, பொறுப்பு முழுவதும் என்னுடையது என்று. அதில் என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேப்டனைப் பற்றியும் இல்லையாம். படித்து முடித்துவிட்டு அந்த மேலதிகாரி சாவியை எடுத்து இவன் கையில் கொடுத்திருக்கிறார்.

நீ சொந்தக் காரணங்களுக்காக முன்கூட்டியே ஓய்வு பெறுகிறாய் என்று அடுத்த வாரம் செய்தித்தாளில் வந்தது. என் வார்டில் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் படுத்திருந்தார். அவரிடம் கேட்டேன். "அடுத்த தளபதி அவர்தாம்மா. ஏதோ குடும்ப விவகாரத்துல எழுதிக் கொடுத்துட்டாராம். இவ்வளவு வருஷம் ஏறின மலையிலேருந்து ஒரே காயிதத்துல கீழ இறங்கிட்டார்" என்றார். அவருக்கு ஊசி போடப் போனவள் போடாமலே திரும்பி வந்துவிட்டேன்.

தம்பி, உன்னை என்னென்னவோ நினைத்தேன், திட்டினேன். மருமகளுக்காகத் தளபதி நாற்காலியையே தூக்கி எறிந்திருக்கிறாய். இப்படி ஒரு தாய்மாமன் யாருக்குக் கிடைப்பான்? பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், போதும் என்று அத்தான் கையெடுத்துக் கும்பிடுகிறார். ஜனவரியில் கல்யாணம். நீ வந்து முன்னால் நிற்க வேண்டும்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. எல்லாம் உனக்கு ஏப்ரலிலேயே தெரியும். அப்போதே எழுதியிருந்தால் உனக்கு இவ்வளவு நஷ்டமும் வந்திருக்காது, அந்தப் பிள்ளையும் நாலைந்து மாதம் பெயர்ப்பலகை எழுதியிருக்க வேண்டாம். ஏன் இத்தனை நாள்? மேலிடத்தில் தடுத்தார்களா? தடுத்திருந்தால் சொல், மனசில் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அக்கா


நவம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வீடு மாறிவிட்டேன், புது முகவரி உறையின் பின்புறம் இருக்கிறது. சின்ன வீடு. ஓட்டல் சாப்பாடு வேண்டாம் என்று நானே சமைக்கிறேன். வயிறு இந்தப் புது எதிரியைச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. கடிதங்களை நானே பிரிக்கிறேன்.

நீ என்னைப் புகழ்ந்து எழுதியிருக்கிறாய். மேலிடத்தில் தடுத்தார்கள் என்று எழுதிவிட்டால் நீ நம்பிவிடுவாய். நானும் கல்யாணத்துக்கு வந்து முன்னால் நிற்கலாம். என்னால் முடியவில்லை.

யாரும் தடுக்கவில்லை, அக்கா. நான் நம்பிவிட்டேன்.

ஏப்ரலில் உனக்கு எழுதியபோது, இரண்டு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எழுதுவதற்கு முன்னால் கோப்பைக் கொண்டுவரச் சொன்னேன். அதற்குள் அது தடித்திருந்தது. பையன் எடுத்துப்போன எல்லை வரைபடத் தாள்கள் இரண்டு தாமதமாகத் திரும்பி வந்திருக்கின்றன என்று ஒரு தாள். மாதம் தவறாமல் வெளிநாட்டுக் கடிதம் வருகிறது என்று தபால்காரர் சொன்னதாக ஒன்று. யாரோடும் ஒட்டாதவர் என்று வீட்டுக்காரர் சொன்னதாக இன்னொன்று. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் ஒன்றுமில்லை. சேர்த்துப் படித்தால் ஓர் ஆள் தெரிந்தான். அப்படிப்பட்ட ஆட்களைத் தேடுவதுதான் என் வேலை. நீ விளையாட்டாக எறிந்த கல் நிஜமாகவே எதன்மேலோ பட்டுவிட்டதோ என்று நினைத்தேன். வாயாடியை ஓர் ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்றுகூட நினைத்தேன். சித்தப்பாவைப் பற்றி உன்னிடம் சும்மா கேட்கவில்லை.

ஆகஸ்டில் வாயாடி என் அலுவலகத்துக்கு வந்தாள். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். பள்ளியில் ஏதோ பயிற்சி என்று சொல்லிவிட்டுத் தனியாக வந்திருந்தாள். வாசலில் வெகுநேரம் காக்க வைத்துவிட்டார்கள். உள்ளே வந்ததும், "மாமா, அவர் ஒண்ணும் பண்ணலை" என்றாள்.

"சரிம்மா. உட்காரு. டீ குடி" என்றேன். "அவர் வேலையை வீட்டுக்கு எடுத்துட்டு வர்ற பழக்கம் உண்டா?"

"எப்பவாவது. அவசரம்னா."

"எந்த மாதிரித் தாள்?"

"பெரிசா இருக்கும். சுருட்டி எடுத்துட்டு வருவார்."

"நீ பார்த்திருக்கியா? வேற யாராவது பார்த்திருக்காங்களா?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டாள். என் கையைப் பார்த்தாள். கையில் பென்சில் இருந்தது. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"நீங்க எங்கிட்ட பேசலை மாமா, விசாரிக்கிறீங்க" என்றாள்.

அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து, "நேரம் கொடுத்ததுக்கு நன்றி சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாமா என்று உள்ளே வந்தவள், சார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு கோப்பைப் பிரித்து மேஜைமேல் ஒவ்வொரு தாளாகப் பரப்பினேன். ஒவ்வொன்றும் ஏன் எழுதப்பட்டது என்று பார்த்தேன். அதற்கு முந்தைய தாள் இருந்ததால் எழுதப்பட்டது. அவர் தாள்களைத் திருப்பித் தரத் தாமதமானது உண்மைதான். தாள்கள் போயிருந்த அச்சகத்தில் மெஷின் பழுது என்று அதே தாளின் அடியில் எழுதியிருந்தது. ஏப்ரலிலும் எழுதியிருந்தது. நான் படித்தேன், ஆனால் எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் உன் விளையாட்டு ஒன்றுதான் மிஞ்சியது. அன்றைக்கே வாக்குமூலத்தை எழுதினேன்.

நான் நாற்காலியைத் தூக்கி எறியவில்லை, அக்கா. அதில் உட்காரும் தகுதி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. உன் வார்டில் நீ போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய். நான் அந்தப் பிள்ளையை ஒருமுறைகூட நேரில் பார்க்கவில்லை.

இதைப் படித்த பிறகு என்னைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று நீ முடிவு செய். கூப்பிடவில்லை என்றாலும் எனக்கு வருத்தம் இருக்காது என்று எழுத நினைத்தேன். இருக்கும்.

அன்புடன்,
தம்பி


நவம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சமைக்கிறாய் என்று படித்தேன். உப்பைக் கடைசியில் போடு, இல்லாவிட்டால் பருப்பு வேகாது.

உன் கடிதம் வந்தபோது பையன் வீட்டில் இருந்தான். அத்தானுக்குக் கண்ணாடி உடைந்துபோயிருந்ததால் நான்தான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். வழக்கமான நலம் விசாரிப்பு என்று நினைத்து ஆரம்பித்துவிட்டேன். "நான் நம்பிவிட்டேன்" என்ற இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் அவன் என்ன நினைப்பானோ என்று பயந்து நிறுத்தாமல் படித்தேன். பென்சில் வந்த இடத்தில் வாயாடி எழுந்து உள்ளே போய்விட்டாள். அத்தான் மாத்திரையைத் தேடுவதுபோலப் பாவனை செய்தார். அவர் தானாக மாத்திரை தேடுவதை என் கல்யாண வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வந்தது, தம்பி. மறைக்கவில்லை. அந்தப் பிள்ளையை நான் சோறு போட்டுப் பார்த்திருக்கிறேன், நீ தாளில் பார்த்திருக்கிறாய். என் வார்த்தையைவிட யாரோ ஒரு தபால்காரனின் வார்த்தை உனக்குப் பெரிதாகிவிட்டதா? அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கல்யாணத்துக்குள் போகும் என்றும் சொல்ல மாட்டேன்.

பையன் விரலில் ஒட்டியிருந்த மையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்: "ரெண்டாவது மாசத்துலேருந்து எனக்கே சந்தேகம் வந்துடுச்சு அத்தை. இத்தனை பேர் கேக்குறாங்களே, நாமதான் ஏதோ பண்ணிட்டு மறந்துட்டோமோன்னு. பலகை எழுதிட்டிருக்கும்போதே பழைய தாளெல்லாம் ஒண்ணொண்ணா மனசுல ஓடும். எங்க விட்டேன், யார்கிட்டக் காட்டினேன்னு. சித்தப்பா காயிதத்தைக்கூடத் திரும்பத் திரும்பப் படிச்சுப் பார்த்தேன், அதுல வேற ஏதாவது இருக்கான்னு."

எங்களிடம் அவன் சிரித்துப் பேசிவிட்டுப்போன நாட்களில் இதுதான் அவனுக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க எல்லாரும் என்னை நம்பினீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்றான்.

வாயாடி உள்ளேயிருந்து வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவனைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து அவன்தான் என்னிடம் கேட்டான்.

"மாமா வருவாரா அத்தை? வரச் சொல்லுங்க. அவர்கிட்டதான் இதப் பேச முடியும்."

கிளம்பி வா. கல்யாணத்துக்கு முன்னாலேயே வா. அவனும் நீயும் வேண்டுமட்டும் பேசி முடியுங்கள், நான் நடுவில் வர மாட்டேன்.

அன்புடன்,
அக்கா